பேராதனை ‘பரோதன’ ஆன காலம்

“புதிய பதிப்பை நிறுவினேன், அதன்பின் தமிழ் வரவில்லை.” இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தமிழ் இணையத்தில் உலவிய எவரும் இவ்வாசகத்தைக் கேட்டிருப்பர், பலர் தாமே எழுதியும் இருப்பர். உலாவியைப் புதுப்பித்தால் வேகம் கூடும், பாதுகாப்புக் கூடும் என்பார்கள். ஆங்கிலம் வாசிப்போருக்கு அது உண்மையாகவே இருந்தது. தமிழ் வாசிப்போருக்கோ ஒவ்வொரு புதுப்பித்தலும் ஒரு சோதனையாக அமைந்தது. முதல்நாள் இரவு வரை வாசித்த பத்திரிகை மறுநாள் காலையில் சதுரப் பெட்டிகளாகத் தெரியும்; அல்லது ஆங்கில எழுத்துகள் அள்ளிக் கொட்டியவாறு கிடக்கும்; அல்லது கொம்புகள் ஒருபக்கமும் எழுத்துகள் மறுபக்கமுமாகச் சிதறி நிற்கும்.

இக்கோளாறுகளின் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இவற்றைச் சீர்செய்தவர்களில் பெரும்பாலோர் தம் ஓய்வுநேரத்தில் கூலியின்றி உழைத்தவர்கள். அவர்தம் பணி எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பத்திரிகைத் தொழிலில் காலங்கழித்தவர்கள் அன்று இணையத்துக்கென எழுதியவற்றுள் பெரும்பகுதி, இன்றைய உலாவிகளில் வாசிக்க இயலாத வடிவத்தில் கிடக்கிறது.

கண்டியிலிருந்து கொழும்புக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1867இல். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மலைநாட்டுச் செய்தி கொழும்புப் பத்திரிகைக் காரியாலயத்தை அடைந்த வழிகள் புகையிரதத் தபால், தந்தி, தொலைபேசி, பின்னர் தொலைநகல் என்பனவே. இலங்கையில் வர்த்தக இணையச் சேவை 1995இல் ஆரம்பமாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, கம்பளை முதலிய அயலூர்களிலும் ‘நெட் கஃபே’ எனும் புதுக்கடைகள் தோன்றின. மாடிப்படிக்குக் கீழே, புகைப்படப் பிரதி இயந்திரத்துக்குப் பக்கத்தில், பலகைத் தடுப்புகளுக்குள் நான்கைந்து கணினிகள். மணிக்கணக்கில் கட்டணம்.

நான் வழக்கமாகச் சென்ற கடையின் மேசை இலாச்சியில் ஒரு நெகிழ்வட்டுப் பெட்டி இருக்கும். தமிழ் வாசிக்க வருபவரைக் கண்டதும் அங்கிருந்த இளைஞர், “எந்தப் பேப்பர் பார்க்கப் போறீங்க, சேர்?” என்று கேட்பார். ஊர்ப்புதினம் கேட்கும் கேள்வி அன்று அது, தொழில்நுட்பக் கேள்வி. பத்திரிகைக்குப் பத்திரிகை எழுத்துரு வேறு. பெயரைச் சொன்னால் உரிய நெகிழ்வட்டை எடுத்து எழுத்துருவை நிறுவித் தருவார். இரண்டு பத்திரிகைகள் வாசிப்பவருக்கு இரண்டு நெகிழ்வட்டுகள்.

இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள, இலங்கையில் மிகப் பரவலாக வழங்கிய ‘பாமினி’ எழுத்துருவைப் பார்த்தாற் போதும். இணையத்துக்கு முந்திய தட்டச்சு இயந்திரத்தில் இதன் வேர் இருக்கிறது. தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படும் ஆர். முத்தையா, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்குப் புலம்பெயர்ந்தவர். அவர் வகுத்த வழியில் வந்த தட்டச்சுப் பயிற்சியில் இடக்கை விரல்கள் நடுவரிசையில் ய, ள, ன, க என்று பழகும். பாமினி எழுத்துருவும் அப்பழக்கத்தையே தழுவியது. கணினியின் பார்வையில் நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்துகளே. அவ்வாங்கில எழுத்துகளின் உருவத்துக்குப் பதிலாகத் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த ஒரு முகமூடிதான் எழுத்துரு. ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே சேமிக்கப்பட்டிருக்கும். ‘கண்டி’ என்பது எஃப், இஸட், அரைப்புள்ளி, பி. முகமூடி கழன்றால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். பழைய பத்திரிகைப் பக்கங்களில் அரைப்புள்ளிகள் மழைத்துளிபோல் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே: ஒவ்வொரு அரைப்புள்ளியும் ஒரு மெய்யெழுத்தின் புள்ளி.

ஒரு மொழியை இன்னொரு மொழியின் எழுத்தில் வைப்பது நமக்குப் புதிதன்று. இலங்கை முஸ்லிம்களிடையே வழங்கிய அரபுத் தமிழ், தமிழை அரபு எழுத்தில் எழுதியது. ஆனால் அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென அது தனி எழுத்துகளை ஆக்கிக்கொண்டது. வாசிக்கத் தெரிந்தவர் எவரும் எங்கிருந்தும் வாசிக்கலாம். பாமினியில் அமைந்த கோப்பை அதற்குரிய எழுத்துரு இல்லாத கணினியில் எவராலும் வாசிக்க இயலாது. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இது.

எழுத்துருவை வாசகரே தேடி நிறுவ வேண்டிய தொல்லையைப் போக்கும் ஏற்பாடாக 1997 அளவில் ‘இயங்கு எழுத்துரு’ வந்தது. பக்கத்தைத் திறக்கும்போதே எழுத்துருவும் கூடவே இறங்கிவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் அன்று உலாவிச் சந்தையில் நெட்ஸ்கேப்பும் மைக்ரோசொஃப்ட்டும் மல்லுக்கு நின்ற காலம். நெட்ஸ்கேப் 4 பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ‘ட்ரூடொக்’ முறையை ஏற்றது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் தனக்கென ‘ஈஓடி’ என்ற வேறொரு வடிவத்தை வகுத்தது. ஒன்றில் வருவது மற்றதில் வராது. கவனமான தள நடத்துநர்கள் இரண்டையும் வைத்தார்கள். ஏனையோர் ஒன்றை மட்டும் வைத்தார்கள்.

முதற் பெரிய அடி 2000 நவம்பரில் விழுந்தது. நெட்ஸ்கேப் 6 வெளிவந்தபோது அதன் உட்பொறி முற்றாக மாற்றப்பட்டிருந்தது. ட்ரூடொக் அதில் இல்லை. புதிய பதிப்பை நிறுவியவர்களின் திரையில் தமிழ்த் தளங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறின. அவர்களுக்கு அன்று இருந்த ஒரே பரிகாரம் பழைய பதிப்புக்குத் திரும்புவது, அல்லது எதிர்முகாமின் உலாவிக்கு மாறுவது.

ஈஓடிக்கும் ஒரு விசித்திரமான பூட்டு உண்டு. எழுத்துருவின் உரிமையைக் காக்கும் பொருட்டு, எந்த இணைய முகவரிக்கு அது ஆக்கப்பட்டதோ அந்த முகவரியில் மட்டுமே அது வேலைசெய்யும்படி கட்ட முடிந்தது. ஆகவே, ஒரு கட்டுரையை ஆசையுடன் தம் கணினியில் சேமித்து வைத்த வாசகர், பின்னொரு நாள் அதனைத் திறந்தால் தமிழ் தெரியாது. தளம் வேறு முகவரிக்கு மாறினாலும் அதே கதிதான். சேமித்து வைத்தோம் என்று நம்பியவர்கள் எத்தனை பேர்!

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. 2006இல் மீண்டும் போர் மூண்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் இருந்தவர்கள் ஊர்ச்செய்திக்காக விடியும்வரை திரையைப் பார்த்திருந்த காலம் அது. அந்நாட்களில் சதுரப் பெட்டிகளாகத் தெரிந்த ஒரு பெயர்ப்பட்டியல் என்பது வெறும் தொழில்நுட்பக் குறைபாடு அன்று. புலம்பெயர்ந்திருந்த என் உறவினர் ஒருவர், “அண்ணை, தலைப்புப் படம் மட்டும் தெரியுது, கீழே ஒண்டும் விளங்கேல்லை. தொலைபேசியில் வாசித்துச் சொல்லுங்கோ” என்று கேட்க, கண்டியிலிருந்து நான் வாசித்துக் காட்டிய இரவுகள் உண்டு.

இதற்கெல்லாம் நிரந்தரப் பரிகாரம் யுனிகோட் என்பது அறிந்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண். ஆங்கில முகமூடி தேவையில்லை. ஆனால் அந்த எண்களைத் திரையில் எழுத்தாக வரைய இயங்குதளத்துக்குத் தெரிய வேண்டுமே. விண்டோஸ் 2000இல்தான் மைக்ரோசொஃப்ட் ‘லதா’ எழுத்துருவுடன் தமிழுக்கு முறையான இடமளித்தது. அப்போதும் உலகின் பெரும்பாலான மேசைகளில் விண்டோஸ் 98 வீற்றிருந்தது. அந்தப் பழைய கணினிகளிலும் யுனிகோட் தமிழ் தெரிய வேண்டும் என்று ‘தேனீ’ எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கிய அதிராம்பட்டினம் உமர் தம்பி 2006இல் மறைந்தார். அவர் பெயரை நன்றியுடன் நினைக்காமல் இவ்வரலாற்றைக் கடக்க முடியாது.

அடுத்து வந்தது விண்டோஸ் எக்ஸ்பி. இதில்தான் பேராதனை ‘பரோதன’ ஆயிற்று. எப்படியென்று சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தட்டச்சிலும் பாமினியிலும் ‘பே’ என்று அடிக்க, முதலில் கொம்பை அடித்துப் பின்னர் பகரத்தை அடிப்போம். கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிக்கப்படும் வரிசை. யுனிகோட்டில் ஒலிக்கும் வரிசையே சேமிக்கப்படும்: முதலில் பகரம், பின்னர் ஏகாரக் குறி. திரையில் வரையும்போது அக்குறியை எழுத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையை ஓர் இடைநிலை நிரல் செய்ய வேண்டும். விண்டோஸில் அதன் பெயர் ‘யுனிஸ்க்ரைப்’. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்நிரலைத் தானே நேரடியாக அழைத்துக்கொண்டது; எனவே அதில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. 2004 நவம்பரில் வெளிவந்த பயர்பொக்ஸ் 1.0 அந்தப் பொறுப்பை இயங்குதளத்திடமே விட்டது. எக்ஸ்பியோ, ‘சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுக’ என்ற ஒரு சிறு கட்டத்தில் நாமாகச் சரியடையாளம் இட்டாலன்றி அந்த வேலையைச் செய்யாது. அடையாளமிட்டால் மூல இறுவட்டைக் கேட்கும். நம் ஊர் நெட் கஃபேக்களில் மூல இறுவட்டுக்கு எங்கே போவது?

ஆகவே கொம்பு இடம்பெயராமல், சேமித்த வரிசையிலேயே நிற்கும். ‘பேராதனை’ என்பதில் பகரம் தனித்து நிற்க, அதன் ஏகாரக் குறி அடுத்துள்ள ரகரத்தின் முன் போய் ஒட்டிக்கொள்ளும். ரகரத்துக்குப் பின்னால் ஏற்கெனவே கால் இருக்கிறதல்லவா? இரண்டும் சேர்ந்து ‘ரோ’ ஆகிவிடும். இறுதியில் ஐகாரக் குறி ஒட்டிக்கொள்ள எழுத்தின்றித் தொங்கும். ஆக, பல்கலைக்கழகம் ‘பரோதன’வுக்கு இடம்மாறிவிடும். ‘கண்டி’ என்பதில் கொம்பு இல்லாதபடியால் அது ஓரளவு தப்பித்துக்கொள்ளும். இதைக் கண்டவர்கள், “பயர்பொக்ஸுக்குத் தமிழ் தெரியாது” என்றே முடிவுசெய்தார்கள். உண்மையில் குற்றம் முழுவதும் உலாவியினது அன்று; இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் மற்றவர் செய்வார் என்று விட்டுவிட்ட நிலை அது.

பயர்பொக்ஸுக்கே உரிய குற்றம் ஒன்றும் இருந்தது. அதைக் கண்டுபிடித்த விதம் சுவையானது. கட்டத்தில் அடையாளமிட்டு, இறுவட்டும் கொடுத்து, எல்லாம் சரியான பின்னரும் சில தளங்கள் மட்டும் உடைந்தே தெரிந்தன. அதே கணினி, அதே எழுத்துரு. ஒரு தளத்தில் நல்ல தமிழ், அடுத்த தளத்தில் சிதைந்த தமிழ். இன்னும் கூர்ந்து நோக்கியவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: சிதைந்த தளத்திலும் தலைப்புகள் சரியாக இருந்தன, ஒவ்வொரு பந்தியின் கடைசி வரியும் சரியாக இருந்தது. பந்தியின் கடைசி வரிக்கு மட்டும் என்ன சிறப்பு? அச்சுத்தொழில் தெரிந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். இருபுறமும் ஓரம் சமன்செய்து கோக்கும்போது கடைசி வரியை எவரும் இழுத்து நிரப்புவதில்லை. ஈய எழுத்துக் கோத்த காலந்தொட்டு உள்ள வழக்கம் அது.

விடயம் இதுதான்: வரியை இருபுறமும் சமன்செய்வதற்காகப் பயர்பொக்ஸின் பழைய பொறி ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே எடுத்து நிறுத்தியது. ஆங்கிலத்துக்கு அதனால் கேடில்லை. தமிழில் உயிர்மெய்யின் உறுப்புகளும் அவ்வாறு தனித்தனியே பிரித்து நிறுத்தப்பட்டதால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகின. தளத்தின் வார்ப்புருவில் ஓரம் சமன்செய்யும் ஒரு கட்டளையை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும். வலைப்பதிவர்கள் இதை ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். பத்திரிகைக்காரர்களோ எளிதில் இணங்கவில்லை. ஓரம் சமன்செய்யாத பத்தி அவர்கள் கண்ணுக்குக் காரியாலயத்துக்குச் சாரத்துடன் வந்தவரைப்போல் தோன்றும்! அழகுக்காக வாசகரை இழக்கலாமா என்ற வாதம் பல இடங்களில் நடந்தது. என் தரப்பு எப்போதும் வாசகர் பக்கமே.

2008 ஜூன் 17ஆம் திகதி பயர்பொக்ஸ் 3 வெளியிடப்பட்டது. ஒரே நாளில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட தரவிறக்கங்கள் என்று கின்னஸ் சாதனையாகப் பதிவான வெளியீடு அது. தமிழருக்கு அதன் சிறப்பு வேறு. எழுத்துகளை வரையும் பொறி புதிதாக எழுதப்பட்டிருந்தது. சமன்செய்த பந்திகளிலும் தமிழ் உடையாமல் நின்றது. ஒரு புதுப்பித்தல் தமிழை உடைக்காமல் ஒட்டவைத்தது என்று அன்று பலரும் மகிழ்ந்தோம்.

இடையில் ‘ஸ்ரீ’ என்ற எழுத்தின் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். 2005இல் வந்த யுனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற எழுத்துப் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின் ‘ஸ்ரீ’யை அதை அடிப்படையாகக் கொண்டு எழுதுவதே முறை என்றாயிற்று; அதற்கு முன்னர் ‘ஸ’வை அடிப்படையாகக் கொண்டு எழுதினார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். உள்ளே எண்கள் வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமற் போகலாம். நாட்டின் பெயரிலேயே இந்த எழுத்து இருக்கிறது! 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டதையும், அதனைத் தொடர்ந்த எதிர்ப்புப் போராட்டத்தையும், 1958இன் கலவரத்தையும் அறிந்த தலைமுறைக்கு, அவ்வெழுத்துக் கணினியிலும் அமைதியாக இருக்க மறுத்தது வியப்பளிக்கவில்லை.

யுனிகோட்டுக்கு உலகம் மாறியபின் பழையவற்றை என்செய்வது? இங்கே இருவகை முயற்சிகள் நடந்தன. ஒன்று, மாற்றி. சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றியில் பாமினிப் பனுவலை ஒரு பெட்டியில் இட்டால் மறுபெட்டியில் யுனிகோட் தமிழாக வரும். எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகள் அந்தப் பெட்டியின் வழியாகவே புதுயுகத்துக்கு வந்துசேர்ந்தன. மற்றது, உலாவிக்குள்ளேயே இருந்து பழைய பக்கங்களை வாசிக்கும்போதே மாற்றித் தரும் நீட்சி. நாகார்ஜுன வென்னா உருவாக்கிய ‘பத்மா’ அவ்வகையில் புகழ்பெற்றது. இந்திய மொழிகள் பலவற்றின் தனியார் எழுத்துருப் பக்கங்களைப் பயர்பொக்ஸில் வாசிக்க உதவியது. ஆனால் 2017 நவம்பரில் வந்த பயர்பொக்ஸ் 57, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் அனைத்தையும் கைவிட்டது. பழைய பக்கங்களை வாசிக்க உதவிய கருவிகளும் பழையனவாகிக் கழிந்தன.

மாற்றிகளுக்கும் எல்லை உண்டு. பாமினிக் கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால், அதுவும் தமிழாகிவிடும். ‘ஜொப்’ என்ற சொல் ‘தழடி’ என்று வரும். எது முகமூடி, எது முகம் என்று நிரலுக்குத் தெரியாது. மனிதர் ஒருவர் அமர்ந்து பிழைதிருத்த வேண்டும். மியன்மாரிலும் இதே சிக்கல் எழுந்தது. அங்கு ‘ஸோஜி’ என்ற எழுத்துருமுறை யுனிகோட்டுடன் கலந்து குழப்ப, 2019 ஒக்டோபர் 1ஆம் திகதி அந்நாடு அதிகாரபூர்வமாக யுனிகோட்டுக்கு மாறியது. ஒரு நாளைக் குறித்து, அரசும் தொலைபேசி நிறுவனங்களும் கூடி அதனைச் செய்தார்கள். நம்மிடையே அப்படியொரு நாள் குறிக்கப்படவில்லை. இலங்கையில் 2008இல் தமிழுக்கான குறியீட்டுத் தரம் வெளியிடப்பட்டது. 2010இல் ‘இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரிக்கு அனுமதி கிடைத்தது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் யுனிகோட்டை ஏற்றது. இவை யாவும் இனி எழுதப்படுபவற்றுக்கு வழிகாட்டின. ஏற்கெனவே எழுதப்பட்டவற்றைப் பற்றி எவரும் ஆணையிடவில்லை.

அதன் விளைவை இன்று காண்கிறோம். ஈஓடி வடிவத்தை வேறெந்தப் பெரிய உலாவியும் ஏற்கவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசொஃப்ட் 2022 ஜூன் 15ஆம் திகதி ஓய்வு கொடுத்தது. இணைய ஆவணகத்தில் 2001ஆம் ஆண்டின் ஒரு தமிழ்ப் பக்கம் சேமிக்கப்பட்டிருந்தாலும், நமக்குத் தெரிவது அரைப்புள்ளிகள்தாம். தேடுபொறிக்கும் அவ்வாறே. ‘கம்பளை’ என்று தேடுபவருக்கு அந்நாளைய கம்பளைச் செய்தி அகப்படாது; அது அங்கே வேறு எழுத்தில் கிடக்கிறது. அக்காலத்து அச்சுப் பத்திரிகைகளை நூலகங்களில் இன்றும் புரட்டலாம். 2005இல் தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் ஈழத்து அச்சுப் படைப்புகளை மின்வருடி எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறது. அச்சேறாமல் இணையத்தில் மட்டும் வெளிவந்தவைதாம் கதியற்றவை: நாளுக்கு மூன்று முறை மாற்றியெழுதிய போர்ச்செய்திகள், மரண அறிவித்தல்கள், தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தக் குறிப்புகள், வாசகர் கடிதங்கள்.

சென்ற சில மாதங்களாக என்னிடமுள்ள பழைய கோப்புகளை மாற்றியில் இட்டுப் பிழைதிருத்தி வருகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் பிடிக்கிறது. ஆங்கிலப் பெயர்களும் எண்களும் மலிந்த பக்கமாயின் இன்னுங் கூடும். அந்நாளில் மின்னஞ்சலில் வந்த செய்தியையோ, சேமித்த பக்கத்தையோ இன்னும் வைத்திருக்கும் வாசகர்கள் அதனை அழித்துவிட வேண்டாம். எழுத்துரு இன்னதென்று தெரிந்தால் கோப்பின் பெயரோடு அதனையும் குறித்து வையுங்கள். பாமினியா, வேறொன்றா என்று தெரியாத கோப்பைத் திறந்துபார்த்து, அரைப்புள்ளிகளின் அடர்த்தியைக்கொண்டு ஊகிப்பதிலேயே என் காலை வேளைகள் கழிகின்றன.